மதில் மேல் கேள்விகள்

சென்ற இதழில் சிரியாவின் கிராக் தே ஷெவாலியே கோட்டையைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜை கொள்ளவில்லை. அதனால் இந்த இதழில் அரசியலுக்கும் சினிமாவுக்கும் விடுமுறை. முழுக்க முழுக்கக் கோட்டைதான்.

ஆர்.கே., விழுப்புரம்: பெயரைச் சொல்வதற்குள் வாய் சுளுக்குகிறது. எந்த ஊர்க் கோட்டை ஐயா இது?

சிரியாவின் மேற்குப் பக்கம். ஹோம்ஸ் நகரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர், லெபனான் எல்லைக்கு வெகு அருகில். பிரெஞ்சுப் பெயர் வாயில் நுழையவில்லை என்றால் உள்ளூர்க்காரர்கள் மாதிரி கல்அத் அல்-ஹிஸ்ன் என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் நுழையவில்லையா? இந்தப் பக்கம் முடியும்வரை வெறும் 'கிராக்' போதும்.

எஸ்.வி., காரைக்குடி: கோட்டை கட்ட அத்தனை பெரிய தேசத்தில் அந்தக் குன்றுதானா கிடைத்தது?

வடக்கே கடலோர மலைத்தொடர், தெற்கே லெபனான் மலை. நடுவில் ஓர் இடைவெளி. உள்நாட்டுச் சிரியாவிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் படை பரிவாரத்தோடு சிரமமில்லாமல் இறங்க அதுதான் வழி. அந்த வழியைப் பார்த்தபடி, கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டர் உயரத்தில் இந்தக் குன்று. மேலே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாமல் கீழே ஒரு கழுதைகூடப் போக முடியாது. போதாததற்கு, காலடியில் நன்றாக விளைகிற சமவெளி. காவலுக்குக் காவல், சோற்றுக்குச் சோறு. இடம் பார்த்தவன் கெட்டிக்காரன்.

எம்.ஏ., காயல்பட்டினம்: அந்தக் கெட்டிக்காரர் யார்?

1031ல் அலெப்போவை ஆண்ட அமீர், குர்து இனத்தாரைக் கொண்டுவந்து இங்கே காவலுக்குக் குடியேற்றினார். குர்துகளின் கோட்டை என்றே அரபு வரலாறுகளில் பெயர். ஆனால் இன்று படங்களில் நாம் வாய் பிளந்து பார்க்கிற கட்டடம் அவர்களுடையது அல்ல. அது 12ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி, 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சிலுவைப் போர்க்காரர்கள் கட்டி, இடிந்து, மறுபடி கட்டி, மேலும் தடித்துக்கொண்டே போன கட்டடம்.

ஜே.பி., நாகர்கோவில்: சிலுவைப் படை வந்ததும் கோட்டை ஒரே நாளில் விழுந்துவிட்டதா?

முதல் நாள் விழுந்தது அவர்கள் மானம்தான். 1099 தொடக்கத்தில் துலூஸ் பிரபு ரேமண்ட் ஜெருசலேம் போகும் வழியில் கோட்டையைத் தாக்கினார். உள்ளே இருந்தவர்கள் அம்பு விடவில்லை. ஆடு மாடுகளை அவிழ்த்து விட்டார்கள். பசியில் வந்த படை போரை மறந்துவிட்டு மாட்டை விரட்டிக்கொண்டு ஓடியது. தனியே நின்ற ரேமண்ட் பிடிபடத் தெரிந்து, மயிரிழையில் தப்பினார் என்பது கதை. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தால் கோட்டைக்குள் ஈ காக்கை இல்லை. இரவோடு இரவாகக் காலி செய்துவிட்டார்கள். அவரும் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு ஜெருசலேமுக்கு நடையைக் கட்டினார். அப்புறம் 1110ல் டான்க்ரெட் என்ற பிரபு வந்து பிடித்ததுதான் நிலைத்தது.

டாக்டர் ஒருவர், மதுரை: ஹாஸ்பிடலர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்குக் கோட்டை எதற்கு?

உங்களுக்குப் பொறாமையாக இருக்கிறது, புரிகிறது. ஜெருசலேமில் நோய்வாய்ப்பட்ட யாத்ரீகர்களைக் கவனித்துக்கொண்ட துறவிகள்தான் அவர்கள். யாத்ரீகருக்கு வழித்துணை தேவைப்பட்டது. வழித்துணைக்கு வாள், வாளுக்குக் குதிரை, குதிரைக்கு லாயம், லாயத்துக்கு மதில் என்று வளர்ந்தது. பிரம்மசரியம், வறுமை, கீழ்ப்படிதல் என்று சத்தியம் செய்தவர்கள். அந்த வறுமை ஆளுக்குத்தான், சங்கத்துக்கு அல்ல. ஐரோப்பா நெடுக அவர்களுக்கு நிலபுலன் இருந்தது. அந்த வருமானம்தான் இங்கே கல்லாக அடுக்கப்பட்டது. ஆஸ்பத்திரியையும் கைவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கே.எம்., பொள்ளாச்சி: இவ்வளவு முக்கியமான கோட்டையை அவர்களுக்குத் தூக்கிக் கொடுத்த பிரபு ஏமாளிதானே?

திரிபோலிப் பிரபு இரண்டாம் ரேமண்ட், 1142 வாக்கில் கொடுத்தார். (லெபனான் கரையில் இருக்கும் திரிபோலி, லிபியாவில் இருப்பது வேறு.) ஏமாளி அல்ல. எல்லைக் கோட்டைக்கு ஆள் போட்டு, சம்பளம் கொடுத்து, இடிந்ததைக் கட்டி மாளாதவர். ஆனால் வாங்கிக்கொண்டவர்களுக்குக் கிடைத்த சலுகைகளைப் பாருங்கள். பிரபு நேரில் வராத போரில் அகப்படும் கொள்ளைப் பொருள் முழுவதும் அவர்களுக்கே. அவர்களைக் கேட்காமல் பிரபு பக்கத்து முஸ்லிம் அரசர்களோடு சமாதானம் பேசக் கூடாது. குடிவந்தவர் வீட்டுக்காரருக்கு நிபந்தனை போட்ட மாதிரிதான்.

பொறியியல் மாணவி, கோவை: கட்டட அமைப்பில் அப்படி என்ன விசேஷம்? 'பிரம்மாண்டம்' என்று ஒரே சொல்லில் தப்பிக்காதீர்கள்.

தப்பிக்கவில்லை. குன்றின் மூன்று பக்கமும் செங்குத்தான சரிவு. தெற்குப் பக்கம் மட்டும் அடுத்த மேட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரி வந்தால் அங்கேதான் வருவான் என்பது கட்டியவர்களுக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும். அதனால் பணமும் கல்லும் பெரும்பாலும் தெற்கே கொட்டப்பட்டன. உள்கோட்டையின் மிகப் பெரிய கோபுரங்கள் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன.

முதலில் கட்டியது உள்கோட்டை மட்டும். பிறகு 13ஆம் நூற்றாண்டில் அதைச் சுற்றி இன்னொரு மதில். வெளிமதில் தாழ்ந்தது, உள்மதில் உயர்ந்தது. உள்ளே நிற்கும் வில்லாளி, வெளிமதிலில் நிற்கும் தன் ஆட்களின் தலைக்கு மேலேயே அம்பு விடலாம். வெளிமதிலை எதிரி பிடித்துவிட்டானா? வரட்டும். இரண்டு மதிலுக்கும் நடுவில் குறுகலான சந்து. அதில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது உள்மதிலின் அடியில் இருக்கும் சரிவு. தெற்கிலும் மேற்கிலும், மதில் நேராக இறங்காமல் கீழே வரவர வெளியே தள்ளிக்கொண்டு மலைச்சரிவு போலவே இறங்குகிறது. அடியில் 20 மீட்டருக்கும் மேல் கனம். அந்த ஒரு சரிவு எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். அடியில் சுரங்கம் தோண்டினால் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏணி சாத்த வாகாக இராது. சக்கரக் கோபுரத்தை மதிலோடு ஒட்டி நிறுத்த முடியாது. மேலிருந்து போடும் கல் சரிவில் பட்டு எதிரியின் முகத்துக்குத் தெறிக்கும். பூமி அதிர்ந்தாலும் முட்டுக்கொடுத்து நிற்கும். பழைய மதிலை இடித்துவிட்டு இதைக் கட்டவில்லை. அதற்கு முன்னால் கொஞ்சம் தள்ளிக் கட்டி, நடுவில் விட்ட இடத்தை நடைபாதையாக்கி, அதிலிருந்து அம்பு விட ஓட்டைகளும் வைத்தார்கள். பரீட்சையில் கேட்டால் இதையே எழுதுங்கள், மார்க் விழும்.

ராஜா ராணிக் கதைப் பிரியர், சேலம்: அகழியில் முதலை உண்டா?

இல்லை. தெற்கே இரண்டு மதிலுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கிய பள்ளம் உண்டு. கால்வாய் கட்டி அதில் நீர் நிரப்பினார்கள். குதிரைகள் குடித்தன. முதலை விட்டிருந்தால் குதிரைப்படை மிஞ்சியிருக்காது.

என்.எஸ்., திருச்சி: சினிமாவில் மதில் மேலிருந்து கொதிக்கும் எண்ணெயை ஊற்றுகிறார்களே, உண்மையா?

அந்தக் கால எண்ணெய் விலை தெரிந்த எந்தத் தளபதியும் சம்மதித்திருக்க மாட்டான். கல் சும்மா கிடைக்கும். தலையில் விழுந்தால் அதே பலன். கிராக்கின் வெளிமதிலில் உச்சியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கல் மாடங்கள் வரிசையாக உண்டு. அவற்றுக்குத் தரை கிடையாது, ஓட்டைதான். உள்ளே நிற்பவன் தலையை வெளியே நீட்டாமல் மதிலடிக்கு நேராகக் கல்லைப் போடலாம்.

பி.ஆர்., புதுச்சேரி: இத்தனை கட்டிவிட்டு வாசல் வைத்துத்தானே ஆக வேண்டும்? அங்கே மாட்டிக்கொள்வார்களே?

வாசலைத்தான் ரசித்து ரசித்துக் கட்டியிருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் நுழைந்ததும் திறந்த முற்றம் வராது. கல் கூரை போட்ட இருட்டு நடை, ஏற்றம். நூறு மீட்டருக்கு மேல் நடந்தால்தான் உள்கோட்டை. நடுவில் ஓரிடத்தில் பாதை கொண்டை ஊசி மாதிரி திரும்பிவிடும். வெயிலில் இருந்து ஓடி வந்தவனுக்குக் கண் தெரியாது. வேகமாக வந்த குதிரை திருப்பத்தில் சுவரில் போய் முட்டும். கூரையில் அங்கங்கே துளைகள். அவற்றின் வழியாக மேலிருந்து என்ன வேண்டுமானாலும் வரும். படிக்கட்டாக இல்லாமல் தாழ்வான, அகலமான படிச்சரிவாக அமைத்தது மட்டும் சொந்தக் குதிரைகளுக்காக. வேண்டியவர் நிதானமாக ஏறிப் போகலாம்.

குடும்பத் தலைவி, தஞ்சாவூர்: ஆயிரக்கணக்கான ஆண்கள் அடைந்து கிடந்தால் சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை எல்லாம் என்ன செய்தார்கள்? இதை எந்தச் சரித்திர ஆசிரியரும் சொல்வதில்லை.

கோட்டையைப் பற்றிய முதல் நியாயமான கேள்வி உங்களுடையதுதான், அம்மா. உள்கோட்டையில் மதிலை ஒட்டி 120 மீட்டர் நீளத்துக்கு ஒரே வளைவுக் கூடம் ஓடுகிறது. அதில் கிணறு இருக்கிறது. ரொட்டி சுடும் பெரிய வட்ட அடுப்பு இருக்கிறது. ஒரு சின்ன அறை அளவு. ஒரு கோடியில் கழிப்பறைகள் வரிசையாக. மழைநீரைச் சேமிக்கத் தொட்டிகள் தனி. தானியமும் எண்ணெயும் வைக்கக் களஞ்சியங்கள் தனி. 1212ல் இங்கே வந்த வில்பிராண்ட் என்ற ஜெர்மானியப் பயணி, 2,000 பேர் காவல் இருந்ததாக எழுதினார். அத்தனை பேரும் வாள் சுழற்றுகிற வீரத்துறவிகள் அல்ல. அவர்கள் சிறுபான்மை. கூலிப்படை, குதிரைக்காரன், கொல்லன், சமையல்காரன் எல்லாம் சேர்ந்த கணக்கு. சமையல்காரன் பெயரை நீங்கள் சொன்னபடி யாரும் எழுதிவைக்கவில்லை.

சி.டி., யாழ்ப்பாணம்: முழுக்கப் போர்தானா? அழகு என்று ஒன்றும் இல்லையா?

உள்முற்றத்தில் பெரிய மண்டபம் ஒன்று உண்டு. அதன் முன்னே ஒரு தாழ்வாரம். 13ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கட்டிய தேவாலயங்களின் பாணி அப்படியே கப்பலேறி வந்தது போல மெல்லிய தூண்கள், கூர்வளைவு ஜன்னல்கள், மேலே விலா எலும்பு வைத்த கூரை. சுற்றிலும் முரட்டுக் கல்லாக இருக்க, இது மட்டும் நகைவேலை. அங்கே லத்தீனில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள். செல்வம், அறிவு, அழகு எது இருந்தாலும் கர்வம் வந்தால் எல்லாம் பாழ் என்பது சாரம். அப்படி எழுதியவர்கள் கட்டிய கட்டடத்தில் கர்வத்துக்குக் குறைவே இல்லை என்பது வேறு விஷயம்.

வி.எல்., திண்டுக்கல்: இவ்வளவு பெரிய கோட்டைக்கு மிகப் பெரிய எதிரி யார்? சலாஹுத்தீனா?

பூமி. 1170ல் ஒரு நிலநடுக்கம். தேவாலயத்தையே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. 1202ல் இன்னொன்று. அதற்கடுத்த பத்தாண்டுகளில்தான் வெளிமதிலும் அந்தப் பெரிய சரிவும் வந்தன. பழுது பார்க்கப் புகுந்தவர்கள் முன்னைவிடத் தடிமனாகக் கட்டினார்கள். 1218ல் வந்து தங்கிய ஹங்கேரி அரசர் இரண்டாம் ஆண்ட்ரூ பிரமித்துப் போய், வருஷா வருஷம் பணம் வர ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

சலாஹுத்தீன் கதை சுருக்கம். 1187ல் ஹத்தீனில் சிலுவைப் படையை நொறுக்கி ஜெருசலேமையும் பிடித்தவர். 1188ல் படையோடு கிராக்கின் அடிவாரத்துக்கு வந்தார், பார்த்தார், லாபமில்லை என்று கணக்குப் போட்டார், கிளம்பினார். அவருக்கு முன்னால் 1163ல் முற்றுகையிட வந்த நூருத்தீன், கீழே சமவெளியில் கூடாரம் போட்டிருந்தபோது எதிர்பாராத தாக்குதலில் தோற்று ஓட வேண்டியதாயிற்று. பார்த்துவிட்டுத் திரும்புவதும் ஒரு போர்த்திறமைதான்.

டி.ஜி., வேலூர்: அப்படியானால் கடைசியில் யார்தான் பிடித்தார்கள்? எப்படி?

மம்லூக் சுல்தான் பைபர்ஸ். இவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் சுற்றுவட்டாரத்து வயலையும் மேய்ச்சலையும் அழித்து வருமானத்தை வற்ற வைத்தார். பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி புதிய படையோடு கிளம்பி 1270ல் துனிஸில் நோயில் இறந்துபோக, ஐரோப்பாவிலிருந்து உதவி வரும் பயமும் போயிற்று. 1271 மார்ச் 3ஆம் தேதி கோட்டை முன் நின்றார்.

வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மார்ச் 21ல் தெற்கே இருந்த முன்காவல் அரண் விழுந்தது. 29ல் வெளிமதிலின் தென்மேற்குக் கோபுரம் சரிந்தது. இது பீரங்கிக்கு முந்தைய காலத்து வித்தை: கோபுரத்தின் அடியில் சுரங்கம் தோண்டி, தோண்டத் தோண்ட மரத்தால் முட்டுக்கொடுத்து, கடைசியில் மரத்துக்குத் தீ வைத்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். முட்டு எரிந்தால் கோபுரம் உட்காரும். பிளவு வழியாக உள்ளே புகுந்தவர்கள் அங்கே முதலில் கண்டது தஞ்சம் புகுந்திருந்த கிராமத்து விவசாயிகளை. வீரர்கள் உள்கோட்டைக்குள் பின்வாங்கிக் கதவை அடைத்துவிட்டார்கள்.

இப்போது பைபர்ஸ் எதிரே அந்த 20 மீட்டர் சரிவு. பத்து நாள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே ஒரு கடிதம் போயிற்று. திரிபோலியில் இருக்கும் தலைவர் எழுதியது போல, சரணடையலாம் என்று அனுமதி கொடுத்து. ஏப்ரல் 8ல் கதவு திறந்தது. கடிதம் போலி. வெளியே வந்தவர்களை உயிரோடு போக விட்டார் சுல்தான்.

அதே டி.ஜி., அதே வேலூர், அதே தபால் அட்டை: ஒரு போலிக் கடிதத்தை நம்பி ஏமாந்தார்களா? அத்தனை முட்டாள்களா?

முட்டாள்கள் அல்ல, களைத்தவர்கள். 1268லேயே ஹாஸ்பிடலர் தலைவர் ஹியூக் ரெவெல், கீழைநாடு முழுவதற்கும் சேர்த்துத் தமக்கு இருப்பது 300 வீரர்கள்தான் என்று எழுதிப் புலம்பியிருக்கிறார். 2,000 பேர் காவலுக்காகக் கட்டிய மதிலின் நீளம் ஆள் குறைந்ததற்காகக் குறையாது. உதவிப்படை வராது என்பது உள்ளே இருந்த கடைசிக் குதிரைக்காரனுக்கும் தெரியும். கையில் உத்தரவு இல்லாமல் சரணடைந்தால் சத்தியம் மீறிய பாவம். உத்தரவு வந்துவிட்டால் கீழ்ப்படிதல். கடிதம் அசலா என்று யாரும் ரொம்பத் துருவவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பைபர்ஸ் அனுப்பியது பொய் அல்ல, ஒரு சாக்கு. கல் கடைசிவரை தன் வேலையைச் செய்தது. தீர்ந்துபோனது ஆள்.

ஏ.ஜே., கடலூர்: பிடித்த கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினாரா?

பிடித்த கடற்கரைக் கோட்டைகள் சிலவற்றை, மறுபடி கப்பலில் யாரும் வந்து இறங்கக் கூடாது என்று மம்லூக்குகள் இடித்தார்கள். இதை இடிக்க மனம் வருமா? தான் சாய்த்த கோபுரத்தைத் தானே கட்டினார். தெற்குப் பக்கம் வட்டக் கோபுரங்களுக்கு நடுவில் பெரிய சதுரக் கோபுரம் ஒன்று நிற்கிறதே, அது அவருக்குப் பின் வந்த கலாவூன் 1285ல் எழுப்பியது. தேவாலயம் பள்ளிவாசலாயிற்று. அதற்குள் நின்றால் ஒரு வேடிக்கை தெரியும். கட்டடம் கிழக்கு பார்த்துக் கட்டியது. தொழுகைத் திசையோ தெற்கு. அதனால் மிஹ்ராப் மாடங்களைப் பக்கவாட்டுச் சுவரில் குடைந்து, பக்கத்தில் கல் மேடையும் கட்டியிருக்கிறார்கள். கட்டடம் ஒரு பக்கம் நீள, தொழுதவர்கள் அதற்குக் குறுக்கே வரிசை கட்டினார்கள்.

எல்.என்., சிங்கப்பூர்: அதன்பின் எழுநூறு வருஷம் என்ன ஆயிற்று?

1291ல் ஆக்ர் நகரமும் விழுந்து சிலுவைப் படை கடலேறியது. எல்லை போனபின் எல்லைக் கோட்டைக்கு என்ன வேலை? மெல்ல மெல்ல ஒரு கிராமமே உள்ளே குடியேறியது. சுல்தான்களும் பிரபுக்களும் நடந்த கூடத்தில் ஆடு கட்டினார்கள், கோபுரத்துக்குள் அடுப்பு மூட்டினார்கள். 1909ல் ஆக்ஸ்போர்டு மாணவர் ஒருவர் கால்நடையாகவே கோட்டை கோட்டையாகச் சுற்றி இங்கும் வந்து, உலகிலேயே போற்றத்தக்க கோட்டை என்கிற அளவுக்குப் புகழ்ந்தார். பிற்பாடு 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று சினிமாவானவர் அவர்தான்.

1927ல் பால் தெஷாம் என்ற பிரெஞ்சு அறிஞர் ஆராய வந்தபோது உள்ளே சுமார் 500 பேர் குடியிருந்தார்கள். 1933ல் பிரான்ஸ் கோட்டையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்குமாகச் சேர்த்துப் பத்து லட்சம் பிராங்க் இழப்பீடு கொடுத்து ஊரைக் கீழே இறக்கியது. 120 வேலையாட்கள் இரண்டு வருஷம் குப்பையும் இடிபாடும் அள்ளினார்கள். சைபர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்: தலைக்கு 2,000 பிராங்க் விழும். பல தலைமுறை வீட்டுக்கு அது என்ன விலை என்று கிராமத்தாரைக் கேட்டு எழுதியவர் கிடையாது.

எம்.எச்., ராமநாதபுரம்: சிரியாவின் உள்நாட்டுப் போரில் கோட்டை தப்பியதா?

அடிபட்டுத் தப்பியது. 2006ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2013ல் ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலுக்குப் போனது. கிளர்ச்சியாளர்கள் உள்ளே இருந்தார்கள், அரசுப் படை வெளியே இருந்து குண்டு போட்டது. 2014 மார்ச்சில் கைப்பற்றியது. நகைவேலை என்று சொன்னேனே, அந்தத் தாழ்வாரத்துக்கும் அதன் முன்படிக்கும் நல்ல சேதம். தேவாலயமும் அடிபட்டது. அந்தக் கனத்த சரிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பைபர்ஸ் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

இளைஞர் ஒருவர், ஓசூர்: ஒரே வரியில், இன்றைய ராணுவத்தின் முன் இந்தக் கோட்டை எத்தனை நாள் தாங்கும்?

மேலே உள்ள பதிலைப் படிக்காமல் கேட்டிருக்கிறீர்கள்.

எஸ்.ஜி., நாமக்கல்: போய்ப் பார்க்கலாமா? என்ன எடுத்துப் போக வேண்டும்?

போவதற்கு முன் நம் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பாருங்கள். அது போகாதே என்றால் போகாதீர்கள். நிலைமை சரியாகிப் போனால் டார்ச் லைட் ஒன்று, வழுக்காத செருப்பு ஒன்று. அந்த 120 மீட்டர் கூடத்தில் பகலிலும் இருட்டு, படிகள் எண்ணூறு வருஷம் தேய்ந்தவை. தெற்கு மேட்டில், எதிரி நின்ற இடத்தில் நின்று முதலில் பாருங்கள், பிறகு உள்ளே போங்கள். சுவரில் பெயர் எழுத வேண்டாம்.

அடுத்த இதழில் வழக்கம்போல் எதைப் பற்றியும் கேட்கலாம். ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி, வேலூர் டி.ஜி. கவனிக்க.